வேலிக்கு வெளியே நின்றும் ரயிலைப் படம் எடுக்கலாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு விடிந்ததும் கேமராவோடு கிளம்பினேன். வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. ரயில் பாதை வேலிக்கு வெளியே, வெயில் முதுகில் படுகிற மாதிரி ஒரு மேடு. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ரயில் நொடிக்கு 28 மீட்டர் கடந்துவிடும். கேமராவுக்குள் வெளிச்சத்தை விடும் ஷட்டர் 1/1000 நொடி மட்டும் திறக்கும்படி வைத்தாலும் அதற்குள் ரயில் கிட்டத்தட்ட 3 சென்டிமீட்டர் நகர்ந்திருக்கும். முதல் இரண்டு ரயில்களும் மங்கலாகத்தான் விழுந்தன. மூன்றாவது சரக்கு ரயில், நிதானமாக வந்தது. எஞ்சின் முகப்பில் ஒட்டியிருந்த பூச்சிகள்கூடப் படத்தில் தெரிகின்றன! ஓட்டுநர் கையசைத்துவிட்டுப் போனது அதைவிடச் சந்தோஷம்.

அப்புறம் பார்த்ததுதான் மனதை உறுத்துகிறது. இரண்டு பையன்கள் தண்டவாளத்துக்கு நடுவே நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எதிரே வரும் ரயிலின் சத்தம் பல நேரம் பக்கத்தில் வந்த பிறகுதான் கேட்கும். அவசரமாகப் பிரேக் போட்டாலும் வண்டி நிற்க ஒரு கிலோமீட்டர்கூட ஆகலாம். பதறிப்போய்க் கத்திக் கூப்பிட்டேன். நல்லவேளை, உடனே வெளியே வந்தார்கள். அடுத்த ரயிலை மூவருமாக மேட்டிலிருந்தே எடுத்தோம். "இங்கேதான் வெளிச்சமும் நல்லா விழுது" என்றான் ஒருவன்.