கொல்லர் பெயரும் தெரிந்த ஊர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில், அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா பற்றிய பயணக் கட்டுரை கண்டேன். அங்குள்ள ஓல்டு ஃபெய்த்ஃபுல் இன் விடுதியை, ‘ரயில் கம்பெனி எழுப்பிய மரமாளிகை’ என்று ஒரே வரியில் முடித்துவிட்டார் உங்கள் கட்டுரையாளர். பணம் கம்பெனியுடையது, சரி. உளி பிடித்ததும் கம்பெனிதானா?

அதை வடிவமைத்த ராபர்ட் ரீமர் என்ற பெயர் தாங்கள் அறியாததல்ல. கட்டடக்கலைக் கல்லூரி வாசலை மிதிக்காதவர். 1903இல் அந்த வேலை தொடங்கியபோது அவருக்கு முப்பது வயதுகூட நிறையவில்லை. பனிக்காலம் முழுக்க வேலை நடந்து, 1904 கோடையில் விடுதி திறந்தாயிற்று. மரமும் கல்லும் அக்கம்பக்கத்துக் காட்டிலிருந்தே வந்தவை. கணப்புக்கும் புகைபோக்கிக்கும் மட்டும் 500 டன் கல்.

மகன் கூட்டிப்போய்க் காட்டினான். எல்லாரும் வெந்நீர் ஊற்று பீறிடுவதைப் பார்க்க ஓட, நான் கூடத்தில் அண்ணாந்து நின்றேன். சுமார் 76 அடி உயரம். தாங்கு கட்டைகள் அத்தனையும் கோணல்! முறுக்கிக்கொண்டு வளர்ந்த பைன் கிளைகளை, எந்த வளைவு எந்த மூட்டுக்கு உட்காரும் என்று பொறுக்கிப் பொருத்தியிருக்கிறார்கள். தச்சர்கள் நாங்கள் அடுப்புக்குத் தள்ளும் கட்டை ஐயா அது.

கட்டுரையாளரோ ‘பட்டை உரிக்காத தூண்கள்’ என்று சிலாகிக்கிறார். கூடத்து மரங்களின் பட்டையை 1940இலேயே உரித்தாகிவிட்டது. நான் தடவிப் பார்த்தேன். அவர் எந்தக் கூடத்தில் நின்றாரோ!

மலை பங்களாக்கள் சிறப்பிதழிலும் இதே கூத்துதான். துரைமார் பெயர் உண்டு, எஸ்டேட் முதலாளி பெயர் உண்டு, படத்துக்குப் படம் புகைப்படக்காரர் பெயரும் உண்டு. தேக்கு இழைத்த ஓர் ஆசாரியின் பெயரைக் காணோம். கொடைக்கானல் பக்கம் ஒரு விருந்தினர் மாளிகைக்குக் கூரை ஏற்றியவன் நான். திறப்புவிழாக் கல்வெட்டில் யார் யார் பெயரோ இருந்தது. எங்களுக்குக் கடைசிப் பந்தி, அதிலும் பாயசம் தீர்ந்துவிட்டது. அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்வதில்லை. சந்தாவை உயர்த்தியது பற்றி நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வராததையும்தான்.

அந்த விடுதிக்குக் கடிகாரமும் கதவு இரும்பும் அடித்துக் கொடுத்த கொல்லர் ஜார்ஜ் கோல்பிட்ஸ். அவர் பெயரைக்கூட அந்த ஊர்க்காரர்கள் விடாமல் எழுதி வைத்திருக்கிறார்கள். தாங்கள் ரீமர் பெயரை மட்டுமாவது அடுத்த இதழில் ஒரு வரி போட்டால் போதும். பொடி எழுத்தானாலும் சரி, விளம்பரத்துக்கு இடம் குறைந்துவிடக் கூடாது பாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சு மேஸ்திரி,
தென்காசி