கழற்றினால் பழையபடி இருக்கணும்

கிருஷ்ணகிரி,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ வாங்கிய பழைய ஸ்விஃப்ட்டுக்கு என்னென்ன போடணும் என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிய பட்டியலைப் பார்த்தேன். சிவப்பும் கறுப்புமாக சீட் கவர், கறுப்புக் கூரை, கண்ணாடிக்குக் கறுப்பு ஃபிலிம், எல்.இ.டி. ஹெட்லைட், பதினாறு இன்ச் அலாய் சக்கரம், ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, டிக்கியில் சப்வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கர். ஃபோனில் சொன்னால் ஒவ்வொன்றுக்கும் "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி வைத்துவிட்டு, நீ நினைத்ததைத்தான் செய்வாய். அதனால் எழுதுகிறேன். எழுதியதை நீ பாதியில் வெட்ட முடியாது.

வண்டியும் உன்னுடையது, காசும் உன்னுடையது. நான் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. வண்டிக்கு இதெல்லாம் மாட்டிக் கொடுக்கும் வியாபாரத்தில்தான் நானே சோறு சாப்பிடுகிறேன். பழைய வண்டி வாங்கிய சூட்டோடு கடைக்கு வருகிறவர்களிடம் நான் ஒன்றுதான் கேட்பேன்: நாளைக்கு இதைக் கழற்றினால் வண்டி பழையபடி இருக்குமா? இருக்கும் என்றால் தாராளமாகப் போடலாம். ஓட்டை போடணும், ஒயரை வெட்டணும், தகடை அறுக்கணும் என்றால் ஒரு மாதம் ஓட்டிவிட்டு வந்து கேளுங்கள் என்று அனுப்பிவிடுவேன். பாதிப்பேர் திரும்பி வரமாட்டார்கள். சிலர் வேறு கடையில் போட்டுக்கொண்டு, அதைச் சரி செய்ய என்னிடம் வருவார்கள். எனக்கு அதுவும் வருமானம்தான்.

போன வாரம் நீ வண்டியை இங்கே விட்டுவிட்டுத் தூங்கினாயே, அப்போது எல்லா சீட்டையும் கழற்றிப் பார்த்துவிட்டேன். 2022 செப்டம்பரில் பெங்களூரில் வெள்ளம் வந்தபோது வண்டிகள் மூழ்கிக் கிடந்ததை டி.வி.யில் பார்த்தோம் இல்லையா, இதுவும் அப்படி மூழ்கிய வண்டியாக இருக்குமோ என்ற பயம்தான். வெளியே எவ்வளவு பாலிஷ் போட்டாலும், சீட் நகரும் தண்டவாளத்தில் பிடித்த துருவை யாரும் துடைக்க மாட்டார்கள். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தால் அடிப்பகுதியில் சேற்றுக் கோடு தெரியும். கார்ப்பெட்டுக்குக் கீழே இருக்கும் பஞ்சு ஒருமுறை ஊறினால் அந்த வாசனை போகவே போகாது. உன் வண்டியில் மூன்றும் இல்லை. நிம்மதி. இடது பின்கதவு மட்டும் மறுபெயிண்ட். ரப்பர் பீடிங் ஓரத்தில் ஸ்ப்ரே துளி இருக்கிறது. எங்கேயோ இடித்திருக்கிறார்கள், பெரிய அடி இல்லை. ஆனால் அந்தக் கதவை ஞாபகத்தில் வைத்துக்கொள், பின்னால் சொல்கிறேன்.

முதலில் சீட். டிரைவர் சீட்டின் கதவுப் பக்க ஓரம் அமுங்கிப் போயிருக்கிறது. ஏறி இறங்கும்போது எல்லோரும் அந்த ஓரத்தில்தான் தேய்ப்பார்கள், அதனால் எந்த வண்டியிலும் முதலில் சாவது அதுதான். (மீட்டரில் கிலோமீட்டரைக் குறைத்திருக்கிறார்களா என்று பார்க்க நான் அந்த ஓரத்தையும் பெடல் ரப்பரையும்தான் பார்ப்பேன். மீட்டர் பொய் சொல்லலாம், ஃபோம் சொல்லாது.) அமுங்கிய ஃபோமுக்கு மேலே எவ்வளவு விலை உயர்ந்த கவர் போட்டாலும் ரெண்டே மாதத்தில் சுருக்கம் விழும். ஆகவே முதலில் அந்த இடத்தில் கெட்டி ஃபோம் வைத்து ஒட்டி, பிறகுதான் கவர். இதை யாரும் படம் எடுத்துப் போட மாட்டார்கள், ஆனால் ஓசூர் தாண்டி அத்திப்பள்ளி டிராஃபிக்கில் நிற்கும்போது உன் இடுப்புக்குத் தெரியும்.

நிறம் பற்றி உன்னோடு சண்டை போட மாட்டேன், ஆனால் முழுக்க முழுக்க கறுப்பு ரெக்சின் வேண்டாம். நம்ம ஊர் ஏப்ரல் வெயிலில் வெளியே நிறுத்திவிட்டு ரெண்டு மணி நேரம் கழித்து உட்கார்ந்து பார். முதுகு படும் நடுப்பகுதி துணி, ஓரங்கள் மட்டும் ஆர்ட் லெதர் (செயற்கைத் தோல்) என்று தைக்கலாம். துணிக்குள் காற்று போகும், வியர்வை ஒட்டாது. லெதர்தான் வேண்டும் என்றால் ஊசித்துளை போட்ட ரகத்தை எடு. வெள்ளை, பீஜ் பக்கம் போகவே போகாதே. நீ ஜீன்ஸ் போடுகிறவள், நீலச் சாயம் ஏறினால் துடைக்கத் துடைக்கப் பரவும். சாம்பல் நிறத்தில் தையல் ஓரமாகச் சிவப்பு பைப்பிங் வைத்தால் நீ கேட்ட மாதிரியும் இருக்கும், சூடும் தாங்கும். ரெடிமேட் கவர் வாங்கி ஆன்லைனில் காசைக் கொட்டாதே. அது தொளதொள என்று நகர்ந்துகொண்டே இருக்கும். சீட்டோடு ஒட்டி உட்காரும் பக்கெட் ஃபிட்டிங்கில் அளவெடுத்து நானே தைக்கிறேன்.

இன்னொன்று. உன்னுடையது 2018 மாடல், முன்னால் ரெண்டு ஏர்பேக் மட்டும்தான், சீட்டில் இல்லை. அதனால் சீட் கவர் போடுவதில் ஆபத்து இல்லை. 2024-இல் வந்த ஸ்விஃப்ட்டில் ஆறு ஏர்பேக். அதில் ரெண்டு சீட்டின் பக்கவாட்டிலேயே இருக்கிறது, ஓரத்தில் சின்னதாக ஏர்பேக் என்று எழுதிய துணிச் சீட்டு தைத்திருப்பார்கள். அந்த இடத்தைக் கெட்டி நூலால் மூடித் தைத்தால், வேண்டிய நேரத்தில் பை கிழித்துக்கொண்டு வராது. உன் ஆபீஸ் தோழி புது வண்டிக்குக் கவர் போடப் போகிறாள் என்றாயே, அவளிடம் கட்டாயம் சொல். சீட்டைக் கழற்றும்போது அடியில் மஞ்சள் கனெக்டர் இருந்தால் பேட்டரியைத் துண்டித்துவிட்டுச் சில நிமிஷம் காத்திருந்துதான் கை வைக்கணும். தெரியாத பையன்கள் பிடுங்கிவிடுகிறார்கள், டேஷ்போர்டில் ஏர்பேக் லைட் எரிய ஆரம்பித்துவிடுகிறது.

டேஷ்போர்டில் ஒட்ட அம்மா ஒரு பிள்ளையார் எடுத்து வைத்திருக்கிறாள். எடுத்துக்கொண்டு போ, ஆனால் இடது பக்கம் உட்காருகிறவருக்கு நேர் எதிரே ஒட்டாதே. அந்த இடத்துக்குக் கீழேதான் ஏர்பேக் மடித்து வைத்திருக்கிறது. அது வெடித்து விரியும்போது பிள்ளையாரும் சேர்ந்து முகத்துக்கு வருவார். நடுவில் வை. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன், முதலில் முறைத்தாள், அப்புறம் சரி என்றாள்.

கறுப்புக் கூரை. பெயிண்ட் அடிக்காதே. பெயிண்ட் அடித்தால் அது கழற்றக்கூடியது இல்லை. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றில்) வண்டி நிறம் எழுதியிருக்கிறது, மொத்த நிறத்தையும் மாற்றுவதாக இருந்தால் ஆர்.டி.ஓ. அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். வண்டியின் அடிப்படை அமைப்பைக் கம்பெனி கொடுத்ததிலிருந்து மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. அதே வருஷம் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், அனுமதி இல்லாமல் செய்யும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை ஜெயில் என்று போட்டிருக்கிறார்கள். கூரைக்கு மட்டும் வினைல் ஸ்டிக்கர் ஒட்டலாம், பிடிக்காவிட்டால் உரித்துவிடலாம். அந்த இடது கதவு ஞாபகம் இருக்கிறதா? ஸ்டிக்கர் ஒட்டுகிறவன் மொத்த வண்டிக்கும் ஒட்டுகிறேன் என்றால் விடாதே. கம்பெனி பெயிண்டிலிருந்து ஸ்டிக்கர் சுத்தமாக உரியும். பட்டி போட்டு அடித்த மறுபெயிண்டில் ஒட்டினால், உரிக்கும்போது பெயிண்ட்டும் சேர்ந்து வரலாம். அப்புறம் கூரை கறுப்பாக இருந்தால் உள்ளே கூடுதலாகச் சூடாகும், அதற்கு நீ ஏ.சி.யைத் திட்டக் கூடாது.

ஃபிலிம் விஷயத்தில் சட்டமே சுற்றிச் சுற்றி வருகிறது. 2012-இல் உச்ச நீதிமன்றம் எந்த ஃபிலிமும் ஒட்டக் கூடாது என்றது. பிறகு விதியைத் திருத்தினார்கள். 2024-இல் கேரள உயர் நீதிமன்றம், முன்-பின் கண்ணாடி வழியே 70 சதவீதமும் பக்கக் கண்ணாடி வழியே 50 சதவீதமும் வெளிச்சம் போனால் ஒட்டலாம் என்றது. இதையெல்லாம் நடுரோட்டில் போலீஸ்காரரிடம் விளக்கிக்கொண்டு நிற்பாயா? கறுப்பு ஃபிலிம் வேண்டாம். நிறுத்தும்போது முன்கண்ணாடிக்கு மடக்கும் வெள்ளித் திரை போதும்.

இப்போது நான் உண்மையாகவே கோபப்படும் விஷயத்துக்கு வருகிறேன், ஹெட்லைட். உன் வண்டியின் லைட் 60/55 வாட்ஸ் ஹாலஜன் பல்புக்காகச் செய்தது. பின்னால் இருக்கும் கிண்ணம், அந்தப் பல்பின் இழை எந்த இடத்தில் எரிகிறதோ அதற்குக் கணக்குப் பண்ணி வெளிச்சத்தை ரோட்டில் விழ வைக்கிறது. அதே ஹோல்டரில் மலிவு எல்.இ.டி.யைச் சொருகினால் எரியும் இடம் மாறிப்போகும். வெளிச்சம் மேலேயும் பக்கத்திலும் சிதறும். உனக்கு வெள்ளையாகத் தெரியும், எதிரே வருகிறவனுக்குக் கண் போய்விடும். நடுவில் தடுப்பு இருக்கும் நாலுவழிச் சாலையில் பரவாயில்லை. தடுப்பு இல்லாத ராயக்கோட்டை ரோட்டிலும் பென்னாகரம் தாண்டி ஒகேனக்கல் இறக்கத்திலும் ராத்திரி வண்டி ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். நீ ஒன்றும் வாங்க வேண்டாம். உன் லைட் மங்கலாக இருப்பதற்குக் காரணம் பல்பு இல்லை, மேலே இருக்கும் பிளாஸ்டிக் கண்ணாடி வெயிலில் மஞ்சளடித்திருக்கிறது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பாலிஷ் பண்ணி, வெயில் தாங்கும் கோட்டிங் கொடுத்தால் பாதிக் குறை தீரும். மீதிக்கு, சுவரில் அடித்துப் பார்த்து உயரத்தைச் சரி செய்யணும். வந்தால் செய்து தருகிறேன்.

பதினாறு இன்ச் வேண்டாம், பதினைந்து போடு. உன் வி.எக்ஸ்.ஐ. மாடலில் வந்த டயர் அளவு 165/80 ஆர் 14, அதாவது 165 மில்லிமீட்டர் அகலம், அதில் 80 சதவீதம் பக்க உயரம், 14 இன்ச் சக்கரம். அதே ஸ்விஃப்ட்டின் உயர்ந்த மாடலில் கம்பெனியே 185/65 ஆர் 15 போட்டுக் கொடுத்தது. கணக்குப் போட்டுப் பார்: ரெண்டு சக்கரத்தின் மொத்த உயரமும் 62 சென்டிமீட்டர்தான், வித்தியாசம் ரெண்டு மில்லிமீட்டர். அதனால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது, வளைக்கும்போது மட்கார்டில் உரசாது. அலாய் வாங்கும்போது நாலு போல்ட், போல்ட் உட்காரும் வட்டம் 100 மில்லிமீட்டர் என்று கேள். நடு ஓட்டை பெரிதாக இருந்தால் அந்த இடைவெளியை அடைக்கும் ஹப் ரிங் போடச் சொல், இல்லாவிட்டால் எண்பதைத் தாண்டியதும் ஸ்டீயரிங் நடுங்கும். உண்மையில் அலாயைவிட அவசரம் டயர். உன் முன் டயர்களின் பக்கவாட்டில் கடைசி நாலு எண் 1418, அதாவது 2018-இல் பதினாலாவது வாரம் செய்தது. மேலே பட்டன் தேயாமல் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய், ரப்பர் கெட்டித்துப் போய்விட்டது. மழையில் தொப்பூர் கணவாய் இறக்கத்தில் பிரேக் பிடித்தால் அது பிடிக்காது. சப்வூஃபருக்கு ஒதுக்கிய காசை இதில் போடு. இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கவில்லை, சொல்கிறேன்.

ஸ்டீரியோ போட்டுக்கொள். ஆனால் உன் மாடலின் ஒயரோடு அப்படியே இணையும் கப்ளர் வாங்கிச் சொருகச் சொல். ஒயரை வெட்டி டேப் சுற்றுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடு. பின்னால் ஒருநாள் ஆம்ப்ளிஃபையர் போட்டால், பேட்டரியிலிருந்து வரும் ஒயரில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் இருக்கணும். சீட்டுக்கு அடியில் வைத்தால் நடுவில் எங்காவது ஒயர் உரசித் தீப்பிடித்தாலும் ஃபியூஸ் போகாது. கதவுக்குள் அதிர்வைக் குறைக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டினால் பாட்டும் நன்றாகக் கேட்கும், கதவு சாத்தும்போது டப்பா சத்தமும் குறையும். கதவின் அடியில் தண்ணீர் வடிய ஓட்டைகள் இருக்கும், அதை ஷீட்டால் மூடிவிடாமல் நின்று பார்த்துக்கொள்.

முன்னால் இரும்புக் கம்பி கார்டு போடச் சொல்லி மாமா சொன்னாராம். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு அதைத் தடுக்கச் சொல்லி எல்லா மாநிலங்களுக்கும் எழுதிவிட்டது. இடிக்கும் வேகத்தை ஏர்பேக் சென்சாருக்குச் சரியாகப் போக விடாது, நடந்து போகிறவன்மீது பட்டால் எலும்பு மிஞ்சாது. மாமாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

இன்ஷூரன்ஸ் உன் பேருக்கு மாறிவிட்டதா? வண்டி கைமாறிய 14 நாளுக்குள் எழுதிக் கொடுக்கணும். அலாய், ஸ்டீரியோ போட்டபின் பில்லை வைத்து அதையும் பாலிசியில் சேர்க்கச் சொல், இல்லாவிட்டால் அடிபட்டால் அதற்குக் காசு வராது.

அடுத்த சனிக்கிழமை வருகிறாயா? அப்படியானால் புதன்கிழமைக்குள் துணி நிறம் சொல்லிவிடு, சாம்பலில் ரெண்டு ரகம் படம் அனுப்பியிருக்கிறேன். வெளிறியது அழுக்குத் தாங்காது, நான் அடர்ந்ததைத்தான் எடுப்பேன். வரும்போது விற்றவரிடம் ரெண்டாவது சாவியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வா, கொடுக்க மறந்துவிட்டேன் என்று இன்னும் எத்தனை நாள் சொல்வார்.

அப்பா