மானியம் குழாய்க்கா, குடும்பத்துக்கா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். தமிழ்நாட்டின் குடிநீர், கழிவுநீர் வாரியங்கள் தங்கள் செலவைத் தாங்களே ஈட்டிக்கொள்ள வேண்டும் என்று யார் சொன்னாலும், "அப்புறம் ஏழை எங்கே போவான்?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. நியாயமான கேள்விதான். பதில் இங்கே சிங்கப்பூரில் நம் வீட்டுக்கு மாதாமாதம் வரும் பயனீட்டு ரசீதிலேயே இருக்கிறது.

அதில் தண்ணீருக்கு மூன்று இனங்கள்: தண்ணீர்க் கட்டணம், சேமிப்பு வரி, கழிவுநீர்க் கட்டணம். 2025 ஏப்ரலிலிருந்து மூன்றும் சேர்த்து, மாதம் 40 கனமீட்டர் வரை, கனமீட்டருக்கு (1,000 லிட்டர்) 3.24 சிங்கப்பூர் வெள்ளி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, நம் கழிவறையையும் சமையலறையையும் விட்டு வெளியேறும் நீருக்கு. 2001ல் கழிவுநீரும் வடிகாலும் தண்ணீர் வழங்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் கீழ் வந்தன. வெளியேறிய நீரையே சுத்திகரித்து 'புதுநீர்' (நியூவாட்டர்) என்று திரும்ப எடுக்க, எல்லாம் ஒரே கையில் இருந்தது பெரிய பலம். வடிகால் வேலைகளுக்கு இங்கும் அரசுப் பணம் போகிறது, அதையும் சொல்ல வேண்டும். ஆனால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடி வீடுகளில் வாழும் தகுதியுள்ள குடும்பங்களுக்கு உதவி, யு-சேவ் என்ற பயனீட்டு ரசீதுத் தள்ளுபடியாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை தனியாக வருகிறது. அதற்காகத் தண்ணீரின் விலையை யாரும் குறைத்துக் காட்டுவதில்லை.

தமிழ்நாட்டில் என் சித்தி வீட்டில் குழாய்வரி மிகக் குறைவு. குழாயில் தண்ணீர் வருவதும் அப்படித்தான். குடிக்க 20 லிட்டர் கேன் 35 ரூபாய்க்கு வாங்குகிறார். கணக்குப் போட்டால் கனமீட்டர் 1,750 ரூபாய்! நாம் கொடுக்கும் 3.24 வெள்ளி 250 ரூபாயைக்கூடத் தொடாது. மலிவுத் தண்ணீர் என்ற பெயரில் ஏழைதான் அதிகம் கொடுக்கிறார்.

சிங்கப்பூர் பணக்கார ஊர், தமிழ்நாட்டில் நடக்குமா என்பவர்கள் கம்போடியத் தலைநகர் புனோம் பென்னைப் பார்க்கலாம். 1993ல் எக் சொன் சான் அங்குள்ள குடிநீர் வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்றபோது அந்நகரின் தண்ணீரில் 70 விழுக்காட்டுக்குமேல் கசிவிலும் திருட்டிலும் கணக்கில்லாமல் போனது. வீடுதோறும் மீட்டர் வைத்தார். மீட்டர் பொருத்தப் போன இடத்தில் ஒரு ராணுவ அதிகாரி துப்பாக்கியை நீட்டியும் பின்வாங்கவில்லை. ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகை கொடுத்தார். இழப்பு பிறகு 10 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியது.

தமிழ்நாட்டிலும் அந்த வரிசையில்தான் போக வேண்டும்: முதலில் மீட்டர், கசிவடைப்பு, விலையேற்றம் அதற்குப் பிறகுதான். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தைக் கட்டுவது குடிநீர் வடிகால் வாரியம். மக்களிடம் வசூலிப்பது நகராட்சியும் ஊராட்சியும். குழாய் உடைந்தால் யாரைக் கேட்பது? ஒரு வட்டாரத்தின் குடிநீர், கழிவுநீர் இரண்டுக்கும் ஒரே நிர்வாகமும் தனிக் கணக்கும் வேண்டும். கழிவுநீரிலும் வருமானம் உண்டு. கோயம்பேட்டிலும் கொடுங்கையூரிலும் சுத்திகரித்த நீரைச் சென்னைக் குடிநீர் வாரியம் தொழிற்சாலைகளுக்கு விற்கிறது. இதை மற்ற நகரங்களும் செய்யலாம். அரசு மானியம் நிச்சயம் தொடர வேண்டும், ஆனால் அது வாரியத்தின் நட்டத்தை அடைக்கப் போகாமல், வசதியற்ற குடும்பங்களின் ரசீதில் தள்ளுபடியாகவே வரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
ஈசூன்