துனிசியாவைத் தண்ணீரின் வழியே பாருங்கள், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பணி ஓய்வுக்குப் பிறகு வட ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டையாவது நிதானமாகச் சுற்றிப் பார்க்க விரும்புவதாகவும், அது துனிசியாவாக இருக்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இருக்கலாம் என்ற ஒரு சொல்லோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. எங்களுக்குப் புவியியல் சொல்லித்தந்த உங்களுக்கு அந்த நாட்டை எந்த வழியாகக் காட்ட வேண்டும் என்பதில் எனக்கு ஓர் உறுதியான எண்ணம் உண்டு. அதே பயணத்தை எண்ணியிருக்கும் மற்றவர்களுக்கும் உதவும் என்பதால் இதைப் பொதுக் கடிதமாகவே எழுதுகிறேன்.

பெரும்பாலான சுற்றுலாத் திட்டங்கள் ஹம்மமெத், சூஸ் ஆகிய ஊர்களின் கடற்கரை விடுதிகளில் தொடங்கி, பாலைவன விளிம்பில் ஓர் ஒட்டகச் சவாரியோடு முடிந்துவிடுகின்றன. அவற்றுக்கு இடையில் இருக்கும் நாடு அதில் காணாமல் போகிறது. வடமேற்கில், தக்கை தரும் கார்க் ஓக் மரக் காடுகள் சூழ்ந்த ஐன் த்ராஹம் மலையூரில் ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. தெற்கே தோசூரில் 100 மில்லிமீட்டர் பெய்வதே அரிது. இந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே ஒரு நாள் சாலைப் பயணம்தான். மழை குறையக் குறைய மக்கள் கட்டிய வீடும், நட்ட மரமும், சமைத்த உணவும் எப்படி மாறின என்பதைப் பார்த்தபடி வடக்கிலிருந்து தெற்கே இறங்குங்கள் என்பதே என் வேண்டுகோள்.

தலைநகர் துனிஸில் தங்கிக்கொண்டு முதலில் அருகிலுள்ள பண்டைய நகரமான கார்த்தேஜுக்குச் செல்லுங்கள். அங்கே கடலை ஒட்டி, கி.பி. 2ஆம் நூற்றாண்டில் ரோமானியர் எழுப்பிய அந்தோனைன் குளியல் மாளிகையின் அடித்தளம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது. அதுவே மலைக்க வைக்கும். அவ்வளவு பெரிய மாளிகைக்குத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி உங்களுக்குத் தானாகவே எழும். விடை தெற்கே ஸக்வான் மலையடிவாரத்து ஊற்றுகளில் இருக்கிறது. ரோமப் பேரரசர் ஹாட்ரியன் காலத்ததாகக் கருதப்படும் கால்வாய் ஒன்று, கிளைகளோடு சேர்த்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளத்துக்கு, தரைக்கு அடியிலும் கல் வளைவுகளின் மேலுமாக அந்த நீரைச் சுமந்து வந்தது. மிலியான் ஆற்றின் அருகே அந்த வளைவுகள் வயல்களுக்கு நடுவே இன்றும் வரிசையாக நிற்கின்றன. கார்த்தேஜை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புபவர்களுக்கு அந்த நகரம் பாதியே புரியும்.

துனிஸின் பழைய நகரமான மதீனாவில், ஸைத்தூனா பள்ளிவாசலைச் சுற்றியுள்ள கடைவீதிகளில் காலை நேரத்தில் நடந்துவிட்டு, லப்லாபி விற்கும் சிறு கடை ஒன்றில் உட்காருங்கள். காய்ந்துபோன ரொட்டியைக் கிண்ணத்தில் பிய்த்துப் போட்டு, வெந்த கொண்டைக்கடலையைச் சாற்றோடு ஊற்றி, சீரகம், எலுமிச்சை, ஆலிவ் எண்ணெய், ஹரிஸா சேர்த்துத் தருவார்கள். முட்டையும் சூரை மீனும் அதில் சேர்ப்பதுண்டு; சைவமாக வேண்டுமென்றால் அவை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஹரிஸா என்பது வெயிலில் காயவைத்த மிளகாயைப் பூண்டு, கொத்தமல்லி விதை, உப்பு ஆகியவற்றோடு அரைத்து, ஆலிவ் எண்ணெயில் பதப்படுத்திய விழுது. 2022இல் யுனெஸ்கோ இதை மனித குலத்தின் மரபுச் செல்வமாகப் பட்டியலில் சேர்த்தது. ரொட்டியை வீணாக்காத அந்த ஒரு கிண்ணத்தை நான் அந்நாட்டின் எந்த விருந்தைவிடவும் உயர்வாக மதிக்கிறேன். பார்தோ அருங்காட்சியகத்தின் மொசைக் ஓவியங்களுக்கும் ஓர் அரை நாளாவது ஒதுக்குங்கள்.

அடுத்தது கைரவான். 670இல் நிறுவப்பட்ட இந்த நகரம் ஆறோ கடலோ அருகில் இல்லாத வறண்ட சமவெளியில் இருக்கிறது. எனவே இங்குள்ள பெரிய பள்ளிவாசலில் தூண்களை அண்ணாந்து பார்ப்பதற்கு முன் முற்றத்தின் தரையைக் குனிந்து பாருங்கள். பளிங்குத் தளம் மிக மென்மையாக ஒரு புள்ளியை நோக்கிச் சரிந்திருக்கிறது. அங்கே செதுக்கப்பட்டுள்ள கல்தொட்டியின் படிகள், பெய்த மழைநீரின் தூசியைத் தேக்கி வைத்துக்கொண்டு, தெளிந்த நீரை மட்டும் கீழே உள்ள நிலத்தடித் தொட்டிக்கு அனுப்புகின்றன. கிணற்று வாய்களின் பளிங்கில் நூற்றாண்டுகளாகக் கயிறு உரசிய தடங்கள் ஆழமாகப் பதிந்துள்ளன. நகரின் வெளிப்புறத்தில், 9ஆம் நூற்றாண்டில் அக்லபித் என்ற அரச மரபினர் கட்டிய இரண்டு நீர்த்தேக்கங்களும் இதே முறையில் இயங்கியவை: மேற்குக் குன்றுகளிலிருந்து வந்த நீர் முதலில் சிறிய தேக்கத்தில் வண்டல் இறங்கத் தங்கி, பிறகு ஏறத்தாழ 128 மீட்டர் விட்டமுள்ள பெரிய வட்டத்துக்குச் சென்றது. பலர் அங்கே ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அந்தச் சுவரைச் சுற்றி முழுவதுமாக நடக்க வேண்டும். ரவையில் பேரீச்சை விழுது வைத்துப் பொரித்துப் பாகில் தோய்க்கும் மக்ரூத் என்ற இனிப்புக்கும் இந்த ஊரே பேர்போனது.

தெற்கே போகும் வழியில் எல் ஜெம் இருக்கிறது. ஏறத்தாழ 35,000 பேர் அமரக்கூடிய அந்த ரோமானிய அரங்கை எழுப்பிய செல்வம், சுற்றியுள்ள வறண்ட நிலத்தில் விளைந்த ஆலிவ் எண்ணெயிலிருந்து வந்தது.

தோசூரின் பாலைவனச் சோலை வெறும் பேரீச்சைத் தோப்பு என்று எண்ணிவிடாதீர்கள். உயரத்தில் பேரீச்சை, அதன் நிழலில் மாதுளையும் அத்தியும், அவற்றின் நிழலில் காய்கறி என்று மூன்று அடுக்குகளாக அங்கே வேளாண்மை செய்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் இப்னு ஷப்பாத் என்ற அறிஞர் ஊற்று நீரைத் தோட்டங்களுக்குப் பங்கிடும் ஒழுங்கை வகுத்தார். அடியில் துளையிட்ட கலத்திலிருந்து நீர் வடிந்து முடியும் நேரமே பங்கின் அளவாக இருந்தது. இன்று அந்த ஊற்றுகள் வற்றிவிட்டன. ஆழ்குழாய்க் கிணறுகளே சோலையைக் காக்கின்றன. ஏற்றுமதிக்குப் பெயர்பெற்ற தெக்லெத் நூர் பேரீச்சையை விரும்பி உண்ணும் ஒவ்வொருவரும் இதை அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனெனில் அந்த ஆழத்து நீர் மழையால் எளிதில் நிரம்புவதில்லை.

அங்கிருந்து ஷொத் எல் ஜெரித் உப்பு ஏரியின் குறுக்கே செல்லும் சாலையில் கெபிலிக்குப் போய், பின்னர் மத்மாத்தாவுக்குச் செல்லுங்கள். நிலத்தில் பெரிய குழி தோண்டி, அதன் சுவர்களில் அறைகள் குடைந்த வீடுகளைக் காணவே அங்கு எல்லோரும் போகிறார்கள். உங்களுக்கு நான் காட்ட விரும்புவது அவற்றுக்கு வெளியே, பள்ளத்தாக்குகளின் குறுக்கே படிப்படியாக எழுப்பிய ஜெஸ்ஸூர் என்னும் மண்ணணைகள். எப்போதாவது பாய்ந்துவரும் வெள்ளம் அடித்துவரும் மண்ணையும் ஈரத்தையும் அவை பிடித்துவைத்துக்கொள்கின்றன. மிகுதி நீர் கல் வடிகால் வழியே கீழ் அணைக்கு இறங்குகிறது. ஆலிவ் மரம் வளர வாய்ப்பே இல்லாத மலைச்சரிவில் ஆலிவ் மரங்கள் நிற்பதற்கு அதுவே காரணம்.

ஜெர்பா தீவின் வெள்ளைப் பள்ளிவாசல்கள் கூரையிலும் முற்றத்திலும் விழும் மழையைச் சேமிப்பவை. ஆப்பிரிக்காவின் பழமையான யூத வழிபாட்டிடங்களில் ஒன்றான எல் க்ரீபாவும் அத்தீவில்தான் இருக்கிறது. 2023இல் யுனெஸ்கோ ஜெர்பாவை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது. அங்கே அரிசியையும் காய்கறிகளோடும் இறைச்சியோடும் கலந்து ஆவியிலேயே வேகவைக்கிறார்கள். ரவையை ஆவியில் வேகவைக்கும் குஸ்குஸ் உணவைப் போலவே, கீழ்ப் பாத்திரத்தில் கொதிக்கும் குழம்பின் ஆவிதான் மேலே இருப்பதைப் பக்குவப்படுத்துகிறது.

ஊர்களுக்கு இடையே லுவாஜ் என்ற பங்கு வேன்களில் செல்லலாம். இருக்கைகள் நிரம்பிய பிறகே அவை புறப்படும். நெடுந்தூரத்துக்குரியவற்றில் சிவப்புப் பட்டை இருக்கும். சற்றுப் பிரெஞ்சு தெரிந்தால் போதும். ரமலான் மாதத்தில் பகலில் பல உணவகங்கள் மூடியிருக்கும் என்பதால் அதைத் தவிர்த்து நாளைக் குறியுங்கள். கோடையில் தெற்கு உங்கள் வயதுக்கு ஏற்றதன்று. நவம்பரில் சென்றால் தோசூரில் பேரீச்சைக் குலைகளை இறக்குவதையும், வழிநெடுக ஆலிவ் பறிப்பதையும் ஒரே பயணத்தில் பார்க்கலாம்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்