கொட்டகைக்கு வந்த கைகளுக்கு

கொழிஞ்சாம்பாறை ஊர்க்காரர்களுக்கும், வேலந்தாவளம் தாண்டி வந்துபோன கோவை நண்பர்களுக்கும் வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் கொட்டகை வாசலில் விமானத்தின் இன்ஜின் முதல்முறையாக ஓடியது. அன்றைக்கு வந்திருந்த கூட்டத்தில் ஒவ்வொருவரையும் கையைப் பிடித்து நன்றி சொல்ல முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

நான் மோட்டாருக்குக் காயில் கட்டிப் பிழைக்கிறவன். 2019இல் தோப்பில் ஒரு பங்கை விற்று, இரண்டு பேர் உட்காரும் ஜெனித் சிஎச் 701 விமானத்தின் கிட் வாங்கினேன். கிறிஸ் ஹெய்ன்ட்ஸ் 1986இல் உருவாக்கிய வடிவம் அது. குறைந்த தூரம் ஓடியே மேலே கிளம்பிவிடும். பெட்டியைத் திறந்தால் இருப்பதெல்லாம் அலுமினியத் தகடும், இறக்கைக்குள் நின்று அதற்கு வடிவம் கொடுக்கும் ரிப்பும், ரிவெட்டும், வரைபடக் கட்டும்தான். மீதியெல்லாம் கைவேலை. கொச்சியிலிருந்து லாரியில் வந்த அந்த நீளப் பெட்டியை ஒரு மூலைகூட இடிக்காமல் இறக்கி வைத்த சுமட்டுத் தொழிலாளி அண்ணன்மாருக்கு என் முதல் நன்றி.

அடுத்த நன்றி டிங்கரிங் அண்ணனுக்கு. இறக்கையின் முன்விளிம்புத் தகடு ஒன்று வழியிலேயே எங்கோ அடிபட்டு மடிந்திருந்தது. பஸ்ஸோ காரோ, எவ்வளவு நசுங்கினாலும் தட்டி நேராக்கிவிடுகிற கை அவருடையது. தகட்டை வெயிலில் சாய்த்துப் பிடித்து, கட்டைவிரலால் மடிப்பை இரண்டு தரம் தடவிப் பார்த்தார். "தட்டி நிமித்திரலாமுங்க. ஆனா மடிஞ்ச எடத்துல தகடு செத்துப் போச்சு. மேல போறதுக்கு இது வேண்டாமுங்க, புதுசு வாங்கிருங்க" என்றார். தனக்கு வரவேண்டிய கூலியை விட்டுவிட்டு அப்படிச் சொன்னார். புதுத் தகடு வர மூன்று மாதம் ஆனது. அந்த மூன்று மாதத்தை அவர் எனக்குக் கொடுத்ததாகத்தான் நினைக்கிறேன்.

சூலூர் விமானப்படைத் தளத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயாவைப் பற்றி ஒரு பத்தியில் சொல்லி முடிக்க முடியாது. துளை போட்டால் போதும் என்று நினைத்திருந்தேன். துளையின் விளிம்பில் நிற்கும் பிசிறை எடுக்காவிட்டால் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டி உட்காராது, விரிசலும் அங்கிருந்துதான் தொடங்கும் என்று காட்டியவர் அவர். முதலில் செய்த வால் சுக்கானில் ஒரு வரிசைத் துளை விளிம்புக்கு மிக நெருக்கமாகப் போய்விட்டது. "கழட்டுங்க" என்று ஒரே வார்த்தைதான் சொன்னார். கழற்றினேன். 2020இல் சோதனைச்சாவடியை அடைத்துவிட்டபோது அவர் அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். ஒவ்வொரு ரிவெட் வரிசையையும் போனில் காட்டச் சொல்லி, சரி என்ற பிறகுதான் அடுத்ததைத் தொடவிட்டார்.

வேலை முடிந்ததும் எல்லாக் கருவியையும் எண்ணி வைக்க வேண்டும் என்பதும் அவர் போட்ட சட்டம். ஒருநாள் எண்ணியபோது, உடைந்த டிரில் பிட்டின் நுனியைக் காணவில்லை. இறக்கைக்குள் அது உருண்டு கட்டுப்பாட்டு இணைப்பில் சிக்கினால் என்ன ஆகும் என்று நினைத்து ராத்திரி முழுவதும் தேடினோம். காலையில் பக்கத்து வீட்டு அக்கா மகள், ஐந்தாம் வகுப்புக் குழந்தை, பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ரிப்பில் இருக்கும் வட்டத் துளை வழியாகத் தோள் வரை கையை விட்டாள். 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணு, உன் கை நுழைந்த இடத்தில் எங்கள் யார் கையும் நுழைந்திருக்காது.

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நம் ஊருக்குப் புதிதல்ல. ஆனால் இறக்கையை வீட்டிலிருந்து கொட்டகைக்குக் கொண்டுபோன அன்றுதான் அதன் பலம் எனக்குப் புரிந்தது. எடையைப் பார்த்தால் இரண்டு பேர் போதும். நடுவழியில் ஒரு வீச்சு வந்தது. இறக்கை எங்களைத் தூக்கப் பார்த்தது. பேக்கரி முன்னால் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு ஓடிவந்தார்கள். எட்டுப் பேர் அதன்மேல் கவிழ்ந்த மாதிரி பிடித்துக்கொண்டு நடந்தோம். உங்களில் மூன்று பேரை எனக்கு இன்னும் யாரென்று தெரியாது.

எடை பார்க்க மூன்று மின்னணுத் தராசைக் கொடுத்த தேங்காய் மண்டி முதலாளிக்கும், விமானத்தை மட்டமாக நிறுத்த மட்டக்குழாயோடு வந்த கொத்தனாருக்கும் நன்றி. சக்கரத்துக்கு ஒரு தராசு வைத்து, மூன்றையும் கூட்டினால் 271 கிலோ.

ஞாயிற்றுக்கிழமை இக்னிஷனை அணைத்து வைத்துவிட்டு, புரொப்பல்லரைக் கையால் சுற்றச் சொன்னார் ஐயா. ரோட்டாக்ஸ் இன்ஜினில் உள்ளே தங்கிய எண்ணெய் தொட்டிக்குத் திரும்பி, தொட்டி ஏப்பம் விடும் சத்தம் கேட்ட பிறகுதான் எண்ணெய் அளவு பார்க்க வேண்டும். கொட்டகையே மூச்சைப் பிடித்துக் காத்திருந்தது. 'களக்' என்றது. முதலில் கேட்டது என் மனைவிதான். சாப்பாட்டு மேசையை வெட்டுமேசையாக விட்டுக்கொடுத்து, இத்தனை வருஷமாகத் திண்ணையில் இலை போட்டவள் அவள்.

ஆய்வும் அனுமதியும் இன்னும் பாக்கி இருக்கின்றன. அவை கைக்கு வராமல் சக்கரம் தரையை விட்டு எழாது. வந்ததும் இறக்கைகளைக் கழற்றி லாரியில் ஏற்றி ஓடுதளத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பங்குனியில் காற்று அடங்கியதும் சொல்லி அனுப்புகிறேன். அந்த எட்டுப் பேரும் வந்துவிடுங்கள்.