வெள்ளம் வடிந்த பிறகும் அங்கே ஆள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பேரிடர்க் காலத்தில் தொண்டுக்குப் போகும் இளைஞர்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படகில் போய் வயதானவர்களைத் தூக்கி வந்த பிள்ளைகளின் உழைப்பை நன்றாகவே சொல்லியிருந்தீர்கள். ஆனால் மீட்பும் சாப்பாட்டுப் பொட்டலமும் முடிந்தால் வேலை முடிந்தது என்பதுபோல் கட்டுரை நின்றுவிடுகிறது. மிஷனரிகளைப் பற்றி வரும் இடத்திலோ, 'மதம் மாற்றத்தானே போகிறார்கள்' என்று ஒரே வரியில் தாண்டிப் போகிறது. இளவயதில் பீகாரின் கோசி ஆற்றுப் பகுதியில் மிஷனரியாக இருந்தவன் நான். பார்த்ததை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

2008 ஆகஸ்ட் 18 அன்று, நேபாள எல்லைக்கு அப்பால் குசஹா என்ற இடத்தில் கோசியின் கிழக்குக் கரை உடைந்தது. மழை கொட்டித் தீர்த்ததால் வந்த வெள்ளம் என்று அதைச் சொல்லிவிட முடியாது. விநாடிக்கு ஒன்பதரை லட்சம் கனஅடி நீரைத் தாங்கும் என்ற கணக்கில் கட்டிய கரை அது; உடைந்த அன்று ஆற்றில் ஓடியது ஏறக்குறைய அதில் ஆறில் ஒரு பங்குதான். கரை இருப்பது நேபாள மண்ணில். 1954ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி பராமரிக்க வேண்டிய பொறுப்பு இந்தியத் தரப்புக்கு. நூறாண்டுகளுக்கு மேல் எட்டிப் பார்க்காத பழைய தடத்தில் ஆறு புகுந்து, சுபால், மதேபுரா, அரரியா, சஹர்சா, பூர்ணியா மாவட்டங்கள் வழியே தெற்கே இறங்கியது. பாதிக்கப்பட்டவர்கள் 30 லட்சத்துக்கும் மேல். பத்தாம் நாள் பிரதமர் மன்மோகன் சிங் வந்து பார்த்து, தேசியப் பேரிடர் என்று அறிவித்தார்.

கோசியின் இரண்டு கரைகளுக்கும் நடுவே முந்நூற்றுக்கும் அதிகமான கிராமங்கள் இருக்கின்றன. அங்கே இருப்பவர்களுக்கு ஆண்டுதோறும் வெள்ளம் உண்டு. வீட்டுக்குள் மூங்கில் பரண் கட்டி வைத்திருப்பார்கள். வாழை மரத்தை வெட்டித் தெப்பம் கட்டச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். 2008இல் தண்ணீர் வந்தது கரைக்கு வெளியே, 'கரை இருக்கிறது, நமக்கென்ன' என்று இருந்த மக்களின் மேல். நெல் நடவு முடிந்து பயிர் பச்சையாக நின்றது. அறுத்த சணல் குட்டையில் ஊறிக்கொண்டிருந்தது. வடக்கே கரை உடைந்துவிட்டது என்று ஆள் வந்து சொன்னபோதும், இங்கே எப்படி வரும் என்றுதான் பலர் கேட்டார்கள்.

முதல் சில நாட்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை; எல்லா வெள்ளத்திலும் நடப்பதுதான். கால்வாய்க் கரையிலும் ரயில் பாதை மேட்டிலும் ஆடு மாடுகளோடு ஜனங்கள். ராணுவத்தின் படகுகள். அவலும் வெல்லமும் சத்து மாவும் பொட்டலமாக வந்தன. அந்த ஓட்டத்தில் எங்களைப் போன்றவர்கள் எல்லோரோடும் சேர்ந்து மூட்டை தூக்கினோம். அதற்கு மிஷனரி வேண்டும் என்பதில்லை, உடம்பில் தெம்பு இருந்தால் போதும்.

எங்களால் மட்டுமே செய்ய முடிந்தது என்று ஒன்று உண்டென்றால் அது பெயர் எழுதியது. குடும்பத்துக்கு ஒரு குவிண்டால் தானியமும் 2,250 ரூபாயும் என்று அரசு அறிவித்தது. அதை வாங்கப் பட்டியலில் பெயர் ஏற வேண்டும். பெயர் ஏற அட்டை வேண்டும். அட்டையோ கூரையோடு போயிருந்தது. ஆதார் எல்லாம் வராத காலம். ஊரில் மேடான இடம் வசதியுள்ளவர்களுக்கு, தாழ்வான ஓரம் முசஹர் என்ற தலித் சமூகத்து மக்களுக்கு என்பதுதான் அந்தப் பக்கத்து நிலை. முதலில் மூழ்கியது அவர்கள் குடிசை. பட்டியலில் கடைசியில் நின்றதும் அவர்கள்தான்.

கால்வாய்க் கரையில் தார்ப்பாய்க்குக் கீழே மேசை போட்டுப் பதிவு நடந்தது. முசஹர் டோலா என்ற அவர்கள் குடியிருப்பைச் சேர்ந்த ஒரு வயதான அம்மாவின் முறை வந்தது. மகன்கள் பஞ்சாபில் நாற்று நடப் போயிருந்தார்கள். எழுத்தர் கணவர் பெயரைக் கேட்டார். அந்த அம்மா முந்தானையை வாய்க்கு நேரே இழுத்துப் பிடித்துக்கொண்டு பேசாமல் நின்றார். அந்தப் பக்கத்துப் பெண்கள் கணவன் பெயரை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். நம் பாட்டிமாரும் அப்படித்தானே. எடுத்துச் சொல்லப் பேரப்பிள்ளை இல்லை, அண்டை வீட்டாரும் வேறு முகாமில். எழுத்தர் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். அந்த அம்மாவின் குடிசை வாசலில் உட்கார்ந்துதான் நான் அந்தப் பக்கத்து மொழியான மைதிலி பேசப் பழகினேன். அவர் கணவர் இறந்தபோது பாடையோடு நடந்தவர்களில் நானும் ஒருவன். முன்னால் போய்ப் பெயரைச் சொன்னேன், டோலாவைச் சொன்னேன், மகன்கள் பெயரையும் சொன்னேன். 'மதராசிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?' என்றார் எழுத்தர். நான் வாய் திறப்பதற்குள், நான் காகி (சித்தி) என்று கூப்பிடும் அந்த அம்மா, 'இவன் எங்கள் பௌவா' என்றார். நம்ம பிள்ளை என்று அர்த்தம். பெயர் ஏறியது.

இதை என் பெருமைக்காகச் சொல்லவில்லை. பக்கத்துப் பணித்தளங்களில் இருந்த தமிழ்ப் பிள்ளைகளும், ஜார்க்கண்டிலிருந்து வந்த பழங்குடி ஊழியர்களும் ராத்திரி அரிக்கேன் வெளிச்சத்தில் இதே வேலையைச் செய்தார்கள். ஆண்கள் டெல்லிக்கும் பஞ்சாபுக்கும் போய்விட்ட ஊர்கள் அவை. எந்தக் குடும்பம் எந்த மேட்டில் ஏறியிருக்கிறது, யார் வீட்டில் கைக்குழந்தை, யாருக்கு நடக்க முடியாது என்ற விவரம் வெளியிலிருந்து ஒரு வாரத்துக்கு வந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? அங்கேயே குடியிருந்து, அவர்கள் பேச்சைப் பேசி, அவர்கள் சாப்பாட்டைச் சாப்பிட்டவனுக்குத்தான் தெரியும். இது புதிய பாடமும் இல்லை. வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச. அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனரி சங்கம் தொடங்கக் காரணமானவர். 1909இல் தாமே தெலுங்கு நாட்டுத் தோர்னக்கல்லுக்குப் போய்த் தெலுங்கு கற்று அங்கேயே தங்கினார். தங்கினதுதான் அவர் ஊழியத்தின் பலம்.

இனி மதமாற்றக் கேள்வி. அதைக் கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. 1877ஆம் ஆண்டுப் பெரும்பஞ்சத்தை ஒட்டித் திருநெல்வேலிச் சீமையில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். சோற்றுக்காகச் சேர்ந்தார்களா, விசுவாசத்தாலா என்ற விவாதம் கால்டுவெல் காலத்திலேயே இருந்தது. என்னைக் கேட்டால், இயேசுவைப் பற்றிச் சொல்லத்தான் பீகாருக்குப் போனேன். அதை மறைத்ததில்லை. ஆனால் பசியோடு நிற்பவர் கையில் அவலையும் மதப் பிரசாரக் கைப்பிரதியையும் சேர்த்துக் கொடுப்பது, அந்த மனிதருக்கு மட்டுமல்ல, நான் அறிவிக்கும் இயேசுவுக்கும் செய்யும் அவமரியாதை என்று நம்புகிறேன். எங்கள் தளத்து மூத்த ஊழியர் முதல் நாளே சொல்லிவிட்டார்: வரிசையில் ஜெபம் கிடையாது, பிரதி கிடையாது, பேனரும் கிடையாது. நிவாரணத்தை மத, அரசியல் நோக்கத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்று செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து 1994இல் வகுத்த நடத்தை நெறியே இருக்கிறது. அதை மீறுகிறவர் எந்தச் சபையாராக இருந்தாலும் கண்டியுங்கள், நானும் கூட நிற்பேன். அந்த ஆண்டு ரம்ஜான் நோன்பு செப்டம்பர் தொடக்கத்தில் வந்தது. முகாமில் இருந்த முஸ்லிம் குடும்பங்களுக்காகப் பகல் சாப்பாட்டைத் தனியே எடுத்துவைத்து, பொழுது சாய்ந்ததும் கொடுத்தோம். யாரும் சொல்லித்தரவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் நோன்பிருக்கிறான் என்று தெரிந்தவர்கள் செய்வதுதான்.

மழைக்காலம் போய்த் தண்ணீர் வடிந்தது. வெளியூர் வண்டிகளும் நின்றன. கட்டுரை தொடாத காலம் இதுதான், என் கணக்கில் கொடியதும் இதுதான். நெல் நின்ற இடமெல்லாம் மணல். வரப்பு எங்கே என்றே தெரியாது. மணலை அள்ள நிலத்துக்கு உதவித்தொகை என்றால் அது பட்டா வைத்திருப்பவருக்குப் போகும். உழுதவர், விதைத்தவர், கடன் வாங்கி உரம் போட்டவர் குத்தகைக்காரர். விளைச்சலில் பங்கு தந்து உழுதவர் என்பதற்கு அவர் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது. விளைச்சலில் பாதி தருவதாக வாய்ச்சொல்தான் பத்திரம். அவர்களுக்காக நாங்கள் எழுதிய மனுக்களில் பெரும்பாலானவற்றுக்குப் பதில் வரவில்லை. ஆனாலும் எழுதினோம். தண்ணீருக்குத் தப்பியவர்கள் சஹர்சாவிலிருந்து அம்ரித்சர் போகும் ரயிலில் கதவு வரை தொங்கிக்கொண்டு போனதைப் பார்த்தேன். பையன்களை வேலைக்கு அனுப்பித் தருவதாகத் தரகர்கள் முகாம் முகாமாக வந்தார்கள். மாலையில் மரத்தடியில் பிள்ளைகளை உட்காரவைத்து எழுத்துச் சொல்லிக் கொடுத்ததற்குப் படிப்பு மட்டும் காரணமல்ல. நேற்று வந்த பிள்ளை இன்று ஏன் வரவில்லை என்று போய்க் கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.

பீகாரில் 1950களின் தொடக்கத்தில் 160 கிலோமீட்டர் இருந்த, ஆற்றோரம் கட்டிய கரைகள் பின்னாளில் 3,400 கிலோமீட்டரைத் தாண்டின. வெள்ளம் பாயும் பரப்போ 25 லட்சம் ஹெக்டேரிலிருந்து 68 லட்சத்துக்கும் மேலாகப் பெருகியது. 2024 செப்டம்பர் கடைசியில் கோசியின் பீர்பூர் தடுப்பணையிலிருந்து 6.61 லட்சம் கனஅடி திறந்துவிட்டார்கள். 1968க்குப் பிறகு அவ்வளவு தண்ணீர் வந்ததில்லை. தர்பங்கா மாவட்டத்தில் மறுபடியும் கரை உடைந்தது. கரைகள் இருக்கும் வரை உடைப்பும் இருக்கும்.

ஆகவே சபைகளையும் மிஷனரி இயக்கங்களையும், ஏன், மாணவர்களை அனுப்பும் கல்லூரிகளையும்கூட உங்கள் இதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். இளைஞர்களை அனுப்புங்கள், ஆனால் இரண்டு வாரத்துக்கு ஐம்பது பேரை அனுப்பும் செலவில் ஐந்து பேரை இரண்டு வருஷத்துக்கு அனுப்புங்கள். வெள்ளம் வருமுன்பே போகட்டும். முதல் வருஷம் அந்த ஊர்ப் பேச்சைக் கற்கட்டும். உள்ளூர் ஆட்களின் கீழ் வேலை செய்யட்டும். மனு எழுதவும், நிவாரண விதிகளைப் படித்துச் சொல்லவும் முன்கூட்டியே பழக்குங்கள். கூட ஒரு பெண் ஊழியராவது இருக்க வேண்டும். கழிப்பிடம், மாதவிலக்குத் துணி போன்ற தேவைகளை அந்த ஊர்ப் பெண்கள் ஆண்களிடம் கேட்கவே மாட்டார்கள்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். எந்த மாநிலத்து வெள்ளமானாலும் சரி, தண்ணீர் வடிந்து மூன்று மாதம் கழித்து ஒரு நிருபரை அங்கே அனுப்புங்கள். பட்டியலில் பெயர் விடுபட்டவர்கள் யார் யார் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மிஷனரி ஊழியர் ஒருவர்,
சாயர்புரம், தூத்துக்குடி மாவட்டம்.