அந்தப் பேனா யாருடையது?

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் வந்து பதினைந்து நாள் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல் காரணமில்லை, கோர்ட்டு. பயப்படாதே, நான் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. வெறும் சாட்சி.

எதிர்வீட்டுப் பெரியவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டுத் தன் உயிலில் சாட்சிக் கையெழுத்து வாங்கினார் என்று முன்பு எழுதியிருந்தேனே, நினைவிருக்கிறதா? ஒன்பது வருடம் ஆகிவிட்டது. அவர் காலமானதும் மகன்கள் இருவரும் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டார்கள். மகள் உயிலை எடுத்து நீட்டினாள். வீடு முழுக்க அவளுக்கு. "உயிலே பொய்" என்றார்கள் அண்ணன்கள். என்னோடு கையெழுத்துப் போட்ட இன்னொருவர் இப்போது இல்லை. சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் உயிரோடு இருக்கும் ஒருவரையாவது கூண்டில் ஏற்றிக் கேட்காமல் உயிலை நிரூபிக்க முடியாதாம். பழைய சாட்சியச் சட்டத்தில் அது 68-வது பிரிவு. 2024 ஜூலையில் வந்த புதிய சட்டத்தில் 67. எண்தான் மாறியது, கூண்டில் ஏற வேண்டிய என் தலையெழுத்து மாறவில்லை.

முதல் நாள் ராத்திரி தூக்கமே இல்லை. அந்தப் பெண் கடைசிவரை அப்பாவை எப்படிப் பார்த்துக்கொண்டாள், பையன்கள் எத்தனை தடவை எட்டிப் பார்த்தார்கள் என்றெல்லாம் மனதுக்குள் ஒரு பிரசங்கமே தயார் செய்து வைத்திருந்தேன். கூண்டில் ஏறினால் அதை ஒருத்தரும் கேட்கவில்லை! எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டதெல்லாம் வேறு. எத்தனை மணி? அவர் கட்டிலில் இருந்தாரா, நாற்காலியிலா? கண்ணாடி போட்டிருந்தாரா? அவர் கையெழுத்துப் போட்டதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? நீங்கள் போடும்போது அவர் எதிரில் இருந்தாரா?

கடைசி இரண்டு கேள்விதான் உயிர்நாடி என்று அப்புறம்தான் தெரிந்தது. 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம், 63-வது பிரிவு. குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். ஒவ்வொருவரும் உயில் எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது நான் போட்டதுதான்" என்று அவர் வாயால் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் முன்னிலையில் தாங்களும் கையெழுத்திட வேண்டும். அன்றைக்கு இன்னொரு சாட்சி அரை மணி நேரம் தாமதமாகத்தான் வந்தார். அதை நான் சொன்னதும் வக்கீல் முகத்தில் ஒரு பிரகாசம். "அப்படியானால் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்கவில்லை?" இல்லை ஐயா. பெரியவர் தாளைக் காட்டி, "என் கையெழுத்து இது" என்று அவரிடம் சொன்னார், அதன்பிறகு அவர் போட்டார், நான் பக்கத்திலேயே இருந்தேன் என்றேன். இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் இருந்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லையாம். பிரகாசம் மங்கியது.

அடுத்து உயிலையே என் கையில் கொடுத்தார்கள். கையெழுத்தின் முதல் எழுத்து கறுப்பு மசி, மிச்சமெல்லாம் நீலம். "ஒருவர் ஆரம்பித்ததை வேறொருவர் முடித்திருக்கிறார், அப்படித்தானே?" கோர்ட்டே நிசப்தம். எனக்கு அந்த மத்தியானம் அப்படியே கண்முன் வந்தது. பெரியவருடைய பழைய மசிப் பேனா முதல் எழுத்தோடு நின்றுவிட்டது. இரண்டு தடவை உதறினார். என் சட்டைப் பையில் இருந்த பால்பாயிண்டை எடுத்து நான்தான் நீட்டினேன். அதையும் திருப்பித் தரவில்லை மனிதர்! இதைச் சொன்னபோது நீதிபதி நிமிர்ந்து பார்த்து, தானே ஒரு வரி எழுதிக்கொண்டார். அவர்கள் குற்றமாகக் காட்ட நினைத்த அந்தக் கறுப்பு எழுத்து இல்லாமல் போயிருந்தால், அந்த நாள் எனக்கு இவ்வளவு துல்லியமாக நினைவிருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

இடைவேளையில் மகள் தரப்பு வக்கீலிடம், நியாயத்தைப் பற்றி ஏன் யாரும் கேட்கவில்லை என்று ஆற்றாமையோடு கேட்டேன். சிரித்தார். பங்கு சரியா தப்பா என்பது கோர்ட்டின் வேலை இல்லை, பெரியவர் சுயபுத்தியோடு, என்ன எழுதுகிறோம் என்று புரிந்து, தானாகப் போட்ட கையெழுத்தா என்பதுதான் கேள்வி என்றார். 1959-ம் வருடத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த வெங்கடாசல ஐயங்கார் வழக்கைத்தான் இன்றைக்கும் எல்லாரும் மேற்கோள் காட்டுகிறார்களாம். உயிலைக் கொண்டுவருகிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். சந்தேகத்துக்கு இடமிருந்தால் அதைத் துடைத்து, நீதிமன்றத்தின் மனசாட்சியைத் திருப்திப்படுத்துவதும் அவர் பொறுப்பே. நடுங்கிய கையெழுத்து, தளர்ந்த புத்தி, காரணமில்லாமல் விலக்கப்பட்ட பிள்ளைகள், எல்லாவற்றுக்கும் மேலாக, சொத்தை வாங்கப்போகிறவரே ஓடியாடி உயிலைத் தயார் செய்திருப்பது, இவையெல்லாம்தான் சந்தேகத்தைக் கிளப்புபவை. நல்லவேளை, பத்திரம் எழுதுகிறவரைப் பெரியவரே கூப்பிட்டிருந்தார். மகள் அப்போது வேலைக்குப் போயிருந்தாள்.

ஆனால் பார், நியாயம் கொல்லைப்புற வழியாக உள்ளே வந்துவிடுகிறது. வாரிசுகளை விலக்கியதாலேயே உயில் சந்தேகத்துக்குரியது ஆகாது, வழக்கமான வாரிசு வரிசையை மாற்றத்தானே உயிலே எழுதுகிறார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1995-ல் சொல்லியிருக்கிறது. அப்படியிருந்தும் ஏன் விலக்கினார் என்று ஒரு வரிகூட இல்லாவிட்டால், மற்ற சந்தேகங்களோடு அதுவும் சேர்ந்துகொள்கிறது. 'மகன்களுக்குப் படிப்புக்கும் தொழிலுக்கும் அப்போதே கொடுத்துவிட்டேன்' என்று பெரியவர் எழுதிவைத்தது புத்திசாலித்தனம்.

"அவள் அப்பா மனதைக் கரைத்துவிட்டாள்" என்பது அண்ணன்களின் இன்னொரு வாதம். அதை அவர்கள்தான் நிரூபிக்க வேண்டும். கேட்டதும் கெஞ்சியதும் குற்றமில்லை. அந்த ஆள் தன் விருப்பப்படி நடக்கவே முடியாத அளவுக்கு நச்சரித்தால்தான் உயில் செல்லாது. எது கெஞ்சல், எது நச்சரிப்பு? என் வீட்டிலேயே எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

உனக்குப் பிடிக்கும் என்பதால் இதையும் சொல்கிறேன். 1870-ல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. ஜான் பேங்க்ஸ் என்று ஒருவர். செத்துப்போன ஒரு மனிதன் தன்னைத் துரத்துகிறான், பிசாசுகள் தொல்லை தருகின்றன என்று நம்பியவர், மனநல விடுதியிலும் இருந்தவர். சொத்தைக் கூடப்பிறந்தவரின் மகள் ஒருத்திக்கு எழுதினார். உயில் செல்லும் என்றுதான் தீர்ப்பு. உயில் என்றால் என்ன, தன் சொத்து எவ்வளவு, யாருக்கெல்லாம் அதில் எதிர்பார்ப்பு உண்டு என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது, பிசாசு பயம் பங்கீட்டில் தலையிடவில்லை. மனநிலை பற்றிய வாதம் வந்தால் இங்கேயும் அதைத்தான் எடுக்கிறார்கள்.

எங்கள் வழக்கில் தீர்ப்பு இன்னும் வரவில்லை. மகன்களில் மூத்தவன் வெளியே வந்ததும் என் முகத்தைப் பார்க்கவில்லை. சின்ன வயதில் என் சைக்கிளில் ஓட்டப் பழகியவன். அதுதான் கொஞ்சம் உறுத்துகிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். ரிஜிஸ்டர் செய்துவிட்டால் உன் உயிலை யாரும் அசைக்க முடியாது என்று எழுதியிருந்தாய். பதிவு கட்டாயமே இல்லை. செய்தால் நல்லதுதான், ஆனால் பதிவான உயிலுக்கும் சாட்சி ஏறித்தான் ஆக வேண்டும். அப்புறம், சாட்சியாக என்னைக் கூப்பிட்டிருக்கிறாயே, உன்னைவிட நான் ஏழு மாதம் மூத்தவன் என்பதை மறந்துவிட்டாயா? முப்பது வயதுக்காரர்கள் இரண்டு பேரைப் பிடி. பேனாவை முன்னாடியே எழுதிப் பார்த்துவிடு.

உன்,
கணேசன்